குடியை வென்ற மருதப்பன்

பனவடலிசத்திரம் மருதப்பன் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் குடித்தவரில்லை. அதற்குப் பின்னால் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. வாடை பிடிக்காது, அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் ஆண்கள் கூட்டமாகத் தோட்டத்துப் பக்கம் நழுவும்போது அவர் மட்டும் பெண்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். ஊரில் இதை ஒரு குறையாகவே பேசினார்கள்.

அவருடைய ஒரே மகன் இசக்கித்துரை அப்பாவுக்கும் சேர்த்துக் குடித்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் இறக்குவது வேலை. இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் கடை. அவன் மனைவி சண்முகப்ரியா பொறுத்துப் பார்த்தாள், பேசிப் பார்த்தாள், சத்தம் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவேங்கடத்தில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வந்த கிராமத்து நர்ஸ்தான் மருதப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"சங்கரன்கோவில்ல புதன்கிழமை புதன்கிழமை கூடுதாவ மாமா. குடிக்கவங்க வீட்டு ஆளுக வந்து, ஒருத்தருக்கொருத்தர் மனசு விட்டுப் பேசிக்கிடலாம். அம்புட்டுதான். பாரம் கொறையும்."

மருதப்பன் மனைவியைப் பார்த்தார். சுந்தரம்மாள் தலையை ஆட்டினாள். "நான் வரல. பேச ஆரம்பிச்சா எனக்கு அழுகதான் வரும். நீங்க போங்க."

போனார்.

'மனைவிளக்கு மறுவாழ்வு மையம்' ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. உள்ளே நாற்காலிகள் இரண்டு பிரிவாகப் போடப்பட்டிருந்தன. இடதுபுறம் 'குடும்பத்தினர்' என்ற பலகை. அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வலதுபுறம் 'பயனாளிகள்' என்ற பலகை. அங்கே நாற்காலிகள் மட்டும் இருந்தன. மருதப்பன் இடதுபுறமாக நடந்தார்.

"அண்ணாச்சி, நீங்க இந்தப் பக்கம்," என்றாள் ஒருங்கிணைப்பாளர் சுமதி.

"நான் குடும்பத்துக்காரன்மா. எம்மவன்தான்..."

"லேடீஸ்தான் குடும்பம் அண்ணாச்சி. ஜென்ட்ஸ் எல்லாம் பயனாளி. சென்னையில இருந்தே அப்படித்தான் பேட்ஜ் அடிச்சு அனுப்பியிருக்காங்க. ரோஸ் கலர் குடும்பம், ஊதாக் கலர் பயனாளி. உங்களுக்கு ரோஸ் குத்துனா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது என்று மருதப்பனுக்கும் பட்டது. ஊதா பேட்ஜைக் குத்திக்கொண்டு யாருமில்லாத பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் மகாராஜா உள்ளே வந்தவர், வலதுபுறத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் டாக்டர் பட்டத்தை எதற்காக வாங்கினார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் வாங்கினார் என்பதற்கு நான்கு சுவர்களிலும் புகைப்படம் இருந்தது. மையம் தொடங்கிய நாளிலிருந்து வலதுபுறத்துக்கு ஒருவன்கூட வந்ததில்லை. குடிக்கிறவர்களுக்குப் புதன்கிழமை வேறு வேலை இருந்தது.

"வாருங்கள், வாருங்கள்!" மகாராஜா ஓடிவந்து மருதப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தான் இத்தனை நாளாக எதிர்பார்த்தேன்!"

"சார், நான் குடிக்கதில்ல."

மகாராஜா பெண்கள் பக்கம் திரும்பினார். "கவனித்தீர்களா? மறுப்பு. இது முதல் அறிகுறி."

"நெசமாத்தான் சார் சொல்லுதேன். எம்மவன்தான் குடிக்கான்."

"பழியைப் பிள்ளை மேல் போடுவது. இரண்டாவது அறிகுறி."

மருதப்பனுக்கு வேர்த்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"இப்போது மௌனம், வியர்வை," என்றார் மகாராஜா. "எல்லாம் வரிசைப்படி வருகிறது. கைதட்டுங்கள்!"

பெண்கள் கைதட்டினார்கள். எதற்குச் சொன்னாலும் கைதட்டுவது அங்கே பழக்கமாகியிருந்தது.

பிறகு பரஸ்பர ஆதரவு தொடங்கியது. இறைவணக்கம், உறுதிமொழி, வரவேற்புரை. அந்த வாரம் லயன்ஸ் கிளப் பிரமுகர் ஒருவர் வந்திருந்ததால் அவருக்குப் பொன்னாடை. அவர் மகாராஜாவுக்குத் திருப்பிப் போர்த்திய பொன்னாடை. அடுத்து மகாராஜாவின் சிறப்புரை.

"இந்த மையத்தை நான் தொடங்கியபோது இந்தத் தாலுகாவில் குடியால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. இன்று? மேலநீலிதநல்லூரிலிருந்து வருகிறார்கள், திருவேங்கடத்திலிருந்து வருகிறார்கள். இந்த வளர்ச்சி எப்படிச் சாத்தியமானது? உழைப்பு! அடுத்த ஆண்டு இதை இரண்டு மடங்காக்குவோம் என்று உங்கள் முன்னால் சூளுரைக்கிறேன்!"

மேலும் சொன்னார்: "இங்கே நீங்கள் கொட்டும் கண்ணீர் இந்த நான்கு சுவரைத் தாண்டாது. ரகசியம் காக்கப்படும்." மைக் வேலை செய்ததால் இது கீழே செல்போன் கடைக்காரருக்கும், எதிரே பரோட்டா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

மனம் விட்டுப் பேசுவதற்கு நன்றியுரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஜரினா என்ற பெண் எழுந்தாள். அவள் கணவன் விசைத்தறி ஓட்டுகிறவன். "போன வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறேன்னுட்டுப் போனவரு..." என்று தொடங்கியவளுக்குக் குரல் உடைந்தது. புகைப்படக்காரர் ஓடிவந்தார்.

"அக்கா, முகத்த மூடாதீங்க. கைய எடுத்துட்டு இன்னொருக்க அழுங்க. பிளாஷ் அடிக்கல."

ஜரினா கையை எடுத்தாள். அழுகை வரவில்லை. மணி அடித்தார்கள். நன்றியுரை, சமோசா.

இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றுதான் மருதப்பன் படி இறங்கினார். ஆனால் கீழே டீக்கடை பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். மேலே முடிக்காததை ஜரினா அங்கே முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி, "எங்க வீட்லயும் இதேதான்க்கா," என்றாள். மருதப்பன் ஊதா பேட்ஜைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க குடிக்கவரு இல்லன்னு உங்களப் பாத்தாலே தெரியுது," என்றாள் ஜரினா. "மவனா?"

மருதப்பன் தலையாட்டினார். பிறகு, தான் எதிர்பார்க்காமலே பேசினார். இசக்கித்துரை வாந்தியெடுத்த சட்டையை சுந்தரம்மாளுக்குத் தெரியாமல் தானே துவைத்துப் போடுவதை, லோடு ஏற்றப் போகாத நாட்களில் பூக்காரர்களிடம் மகனுக்குக் காய்ச்சல் என்று தான் போய்ச் சொல்வதை.

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றாள் ஜரினா. "இப்பம் சொல்லுததில்ல. வேலைக்கு வரலையான்னு ஓனர் கேட்டா, அவர்ட்டயே கேளுங்கன்னு போனை அவரு கையில குடுத்துருவேன். முத நாளு எனக்குக் கை நடுங்குச்சி. அவருக்கும் நடுங்குச்சின்னு வைங்க."

மருதப்பன் சிரித்தார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பஸ் வந்ததும், "இங்கன நிக்கதுக்காகவா மேல போய் உக்காந்திருக்கிய?" என்று கேட்டார்.

"பெறகு? டீக்கடையில நின்னு பேசிட்டு வாரேன்னு சொன்னா எந்த வீட்ல அண்ணாச்சி விடுவாவ?"

இப்படியாக மருதப்பன் ஒவ்வொரு புதன்கிழமையும் டீக்கடைக்காக மாடி ஏறினார்.

மாடியில் அவருடைய புகழ் வளர்ந்தது. வாராவாரம் எல்லார் முன்னாலும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு மெஷினில் ஊதச் சொன்னார்கள். சுமதி எண்ணை வாசிப்பாள்: "பூஜ்யம்!" கைதட்டல். இரண்டாவது வாரம் பூஜ்யம். மூன்றாவது வாரம் பூஜ்யம். மகாராஜா சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார். மருதப்பனின் குடி, அவர் மையத்துக்கு வருவதற்கு முன்பு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்த அன்றே தரைக்கு இறங்கி, அதன்பின் எழுந்திருக்கவே இல்லை.

மையத்தின் வேலையைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார்.

"எத்தனை வருஷமா குடிச்சீங்க?"

"குடிச்சதே இல்ல சார்."

"கடைசியா குடிச்சது ஞாபகம் இருக்கா?"

"குடிச்சாத்தானே சார் ஞாபகம் இருக்கும்."

மதிப்பீட்டாளர் மகாராஜாவைப் பரிதாபமாகப் பார்த்தார். "நினைவெல்லாம் சுத்தமா போயிருச்சே சார். ரொம்ப முற்றின கேஸா இருந்திருக்கும்."

தனியார் ஸ்கேன் மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த டாக்டர் திரையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நல்ல கல்லீரலைத் தான் கண்டதில்லை என்றார். மகாராஜாவின் கண்கள் கலங்கின. "எல்லாம் இந்தச் சில வாரங்களில் வந்தது டாக்டர்," என்றார்.

ஒரு புதன்கிழமை மழையில் நனைந்து வந்த மருதப்பனை, தலை துவட்டுவதற்கு முன் சுமதி ஒரு படம் எடுத்தாள். துவட்டிப் பவுடர் போட்டுப் பொன்னாடை போர்த்தி இன்னொரு படம் எடுத்தாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. மறுவாரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் தெரிந்துகொண்டார். மாடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ். இடதுபுறம் 'முன்', வலதுபுறம் 'பின்'. நடுவில் இரண்டு மருதப்பன்களையும் விடப் பெரிதாக, கைகூப்பியபடி டாக்டர் மகாராஜா. மேலே சிவப்பு எழுத்தில்: 'குடியை வென்ற கோமான் பனவடலிசத்திரம் மருதப்பன் அவர்களை வாழ்த்துகிறோம்!'

அவர் ஊர் போய்ச் சேர்வதற்கு முன் ஃபிளெக்ஸ் எல்லார் போனிலும் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன வே, இம்புட்டு வருசமா எங்ககிட்டயே மறைச்சிட்டீரே," என்று ஊர் டீக்கடையில் வருத்தப்பட்டார்கள். தேங்காய் துருவியதெல்லாம் நடிப்பா என்று ஒருவர் கேட்டார். நிரந்தரக் குடிகாரரான பேச்சிராஜ், பழைய நாட்களில் தானும் மருதப்பனும் சேர்ந்து குடித்ததை நினைவுகூர்ந்தார். என்ன பிராண்டு என்பதைக்கூடச் சொன்னார்.

"நாப்பது வருசமா உங்ககூட படுத்து எந்திரிக்கேன்," என்றாள் சுந்தரம்மாள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டாவளா?"

சம்பந்தி பெத்துராஜ் திருவேங்கடத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். உரக்கடை வைத்திருக்கிறவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பையன் குடிக்கான்னு நெனச்சேன் சம்பந்தி. சகவாச தோசம், திருத்திரலாம்னு நெனச்சேன். அப்பனே இப்படின்னா அவன் என்ன செய்வான்? அந்தப் பய பாவம். ஆனா எம்புள்ளைய நான் இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

மருதப்பன் வாயைத் திறந்தார். மறுத்தால் முதல் அறிகுறி என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். பெத்துராஜ் போனபிறகு ஆட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்தார். அவமானத்தைவிட, பேத்தியை இனி எப்போது பார்ப்பது என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

இசக்கித்துரை அன்று குடிக்காமல் வந்தான். ஃபிளெக்ஸைப் பார்த்தவனுக்குக் கடைக்குப் போகக் கால் வரவில்லை.

"நீ எதுக்குப்பா அங்கன போய் நிக்க?"

"உனக்காகத்தாம்லே போனேன்."

நடந்தது முழுவதையும் மருதப்பன் சொன்னார். பூஜ்யம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த இசக்கித்துரை சிரிக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேச்சு கல்லீரலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "வார புதன்கிழமை நான் வாரேன். அந்தப் போர்டை நானே கிழிக்கேன்," என்றான்.

வந்தான். தைரியத்துக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் வந்தான்.

"நீங்க யாரு?" என்று சுமதி கேட்டாள்.

"நான் இவரு மவன்."

மகாராஜா மேடையிலிருந்து குதித்து இறங்கினார். "குடும்பம்! பயனாளியின் குடும்பம்! இப்போதுதான் திட்டம் முழுமை பெறுகிறது. தம்பிக்கு ரோஸ் பேட்ஜ் குத்துங்கள்!"

சுமதி குத்தினாள். குத்தும்போது வாடை அவள் முகத்தில் அடித்தது. மெஷினைப் பார்த்தாள். மெஷின் வலதுபுறத்துக்குச் சொந்தமானது. குடும்பத்தினரை ஊதச் சொல்ல விதி இல்லை. இசக்கித்துரையை இடதுபுறம் கொண்டுபோய் உட்காரவைத்தாள். பக்கத்தில் இருந்த ஜரினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். எதிரே மருதப்பன் ஊதிக்கொண்டிருந்தார். பூஜ்யம். கைதட்டல்.

"இப்போது மகன் பேசுவார்," என்று மகாராஜா மைக்கை நீட்டினார்.

"எங்கப்பா குடிக்கதே இல்ல," என்றான் இசக்கித்துரை.

"இப்போது குடிப்பதில்லை! அதுதான் எங்களுக்குத் தெரியுமே! அந்தப் பழைய நாட்களைச் சொல்லுங்கள் தம்பி. வீடு எப்படி இருந்தது?"

இசக்கித்துரை மைக்கைப் பார்த்தான். எதிரே தனியாக ஊதா பேட்ஜோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். எதையோ விட்டெறியப்போகிறவன்போல மைக்கை இறுக்கிப் பிடித்தவன், கையைத் தளர்த்தினான்.

"எல்லாரும் தூங்குத மாரி படுத்திருப்பாவ," என்றான். "யாரும் தூங்கல. வண்டிச் சத்தம் கேட்டபெறகுதான் எங்கம்மா அந்தப் பக்கமா திரும்பிப் படுப்பா. வண்டி தோட்டத்துல வந்து நின்னுரும். சீட்ல ஆளு இருக்காது. பின்னால பூச்சாக்கு மேல கெடக்கும். அது வெளிய தெரியாது. அப்பம் டார்ச்சை அடிச்சிக்கிட்டு ஒருத்தரு வருவாரு. சீட்டைப் பாப்பாரு. ஆளக் காணும். உடனே கிணத்துக்கு ஓடுவாரு. எங்க கிணத்துக்குக் கைப்பிடிச் சுவரு கெடையாது. குனிஞ்சி உள்ள லைட்ட சுத்திச் சுத்தி அடிச்சிப் பாப்பாரு. அங்கன இல்லன்னு தெரிஞ்ச பெறகுதான் வண்டிக்குப் பின்னால வருவாரு."

மைக்கை மறு கைக்கு மாற்றினான்.

"சாக்குல கெடக்க ஆளு முழிச்சிதான் கெடக்கும். இங்கன இருக்கேன்னு ஒரு சத்தம் குடுக்கலாம். குடுக்காது. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே கெடக்கும்."

மருதப்பன் நிமிர்ந்தார். கிணற்றுக்குப் போவது சுந்தரம்மாளுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தார். ஜரினா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

மகாராஜா மைக்கை வாங்கினார். "கேட்டீர்களா! போதை தலைக்கேறி, டார்ச்சோடு கிணற்றை எட்டிப் பார்த்த தந்தை! ஒரு கால் தவறியிருந்தால்? அந்தக் கிணற்றுக்கும் மருதப்பனுக்கும் நடுவே நின்றது யார்? இந்த மையம்! கைதட்டுங்கள்!"

அன்று கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

கீழே டீக்கடையில் இசக்கித்துரை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "குடிக்கது நான்தான்."

"தெரியும் தம்பி," என்றாள் ஜரினா. "மூக்குன்னு ஒண்ணு இருக்குல்லா." பிறகு மருதப்பனிடம் கேட்காமல் அவனிடமே, "எங்க கொழுந்தன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இதுக்குத்தான் படுத்திருந்தாரு. டாக்டர் நல்லா பாக்காவ. இங்க மாரி மைக்கெல்லாம் கெடையாது. போவியளா?" என்றாள்.

அவன் அடுத்த வாரம் போனான். இரண்டு நாளில் ஓடிவந்தான். மறுபடி போனான். இந்தமுறை தங்கினான். வீட்டுக்கு வந்தபிறகு ஒருமுறை வழுக்கினான், மறுநாள் தானே பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கப் போனான். மருதப்பன் துணைக்குப் போகவில்லை. பூக்காரர்களுக்கும் அவனே போன் போட்டுச் சொல்லிக்கொண்டான்.

இந்தச் சந்தோஷத்தை மருதப்பன் மகாராஜாவிடம் சொல்லப் போனபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளியே சொல்லிவிடாதீர்கள். குடும்பத்தினர் பிரிவில் இருப்பவர் குடிப்பதற்குத் திட்டத்தில் இடமே இல்லை. குடிக்காதவர் எப்படிக் குடியை நிறுத்த முடியும்? ஆண்டு விழா வருகிற நேரத்தில் குழப்பம் செய்யாதீர்கள். உங்கள் மகனுக்கு 'சிறந்த பொறுமைசாலி மகன்' விருது வைத்திருக்கிறேன்."

பெத்துராஜுக்கும் செய்தி போயிருந்தது. மருதப்பனுக்குப் போன் போட்டார். "பையன் நிறுத்திட்டான்னு சொல்லுதாவ. விசாரிச்சேன், நெசந்தான். அவன் சரி. நீங்க? அன்னைக்கு உங்க வாயால ஒத்துக்கிடவே இல்லியே. ஆண்டு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்திருக்கு. புள்ளையோட வாரேன். நாலு பேர் முன்னால 'குடிச்சேன், இனி தொட மாட்டேன்'னு சொல்லுங்க. வார வெள்ளிக்கிழமையே கொண்டாந்து விடுதேன்."

"பொய்க்கு நான் வந்து கைதட்ட மாட்டேன்," என்று சுந்தரம்மாள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குத் தொட்டிலைக் கழுவிக் காயப்போட்டாள்.

கல்யாண மண்டபத்தில் விழா. மருதப்பன் கழுத்தில் ரோஜா மாலை. கீழே முன்வரிசையில் பெத்துராஜ் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சண்முகப்ரியா. அவளுக்கு உண்மை தெரியும். சொன்னாலும் அப்பா நம்பவில்லை. மாமனாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். இசக்கித்துரை தூணோரம் நின்றான்.

மருதப்பன் மைக் முன்னால் வந்தார்.

"ஆமா. குடிச்சேன்," என்றார். "எங்க வீட்ல எல்லாருக்கும் ரொம்பக் கஷ்டம். இப்பம் கொறஞ்சிருக்கு."

மண்டபம் அதிர்ந்தது. பெத்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார். மகாராஜா மருதப்பனைக் கட்டிப்பிடித்து, அப்படியே கேமராப் பக்கம் திருப்பினார். "சொல்லவே மாட்டேன் என்றவரைச் சொல்லவைத்தோம்! இதுவரை பல குடிகாரர்களை நல்லவராக்கியவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் செய்திருப்பதை யாரும் செய்ததில்லை!"

அவர் இதுவரை பேசியதில் இது ஒன்றுதான் உண்மை.

திரும்பும்போது லோடு ஆட்டோவில் அப்பாவும் மகனும் மட்டும். சங்கரன்கோவில் தாண்டிக் கரிசக்காடு தொடங்கியதும் இசக்கித்துரை வண்டியை ஓரங்கட்டினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குப்பா அப்படிச் சொன்ன?"

மருதப்பன் யோசித்தார். "அன்னைக்கு நீ அங்கன நின்னு சொன்னேல்லா. பதிலுக்கு நானும் ஒண்ணு சொல்லாண்டாமா?"

எதிரே வந்த பஸ் ஒன்று கடந்துபோனது.

"அப்பா, எனக்கு இப்பம் குடிக்கணும்போல இருக்கு."

மகன் எவ்வளவோ குடித்திருக்கிறான். குடிக்கணும்போல இருக்கிறது என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை. மருதப்பன் வேண்டாம் என்று சொல்ல வந்தார், சொல்லவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மகன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எப்படிலே இருக்கு? சொல்லு," என்றார். "எனக்குத் தெரியாதுல்லா."

இசக்கித்துரை என்ஜினை அணைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.